நான் சூனியக்காரியாக இருந்த குளிர்காலம்

அந்தச் சொல்லை முதல் தடவை கேட்டபோது அது என்னுடைய கோட்டின் பெயர் என்றுதான் நினைத்தேன்.

பாரிஸில், லாச்சப்பலில் நான் வேலை செய்யும் மரக்கறிக் கடைக்குச் சனிக்கிழமைகளில் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடக்கிறது. வகுப்புத் தொடங்க முன்னம் ரோல்ஸும் மாம்பழச் சாறும் வாங்க எங்களிடம் வருவார்கள். வாசலில் இருந்தே பிரெஞ்சில் சத்தம் போட்டுக்கொண்டு வருகிற பிள்ளைகள், அன்றைக்கு வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நான் உள்ளே கறிவேப்பிலைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கடைக்கதவு திறந்து கிடந்ததால் குளிர் உள்ளே அடித்தது, கோட்டைக் கழற்றவில்லை. முன்னால் நின்ற பெண்பிள்ளை பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்து, "ஸ்கின்வோக்கர்" என்றாள். அவ்வளவுதான். ஒருவரும் ரோல்ஸ் வாங்கவில்லை. முழுக்கூட்டமும் திரும்பிப் போய்விட்டது.

"என்ன தங்கச்சி, பிள்ளையள் வந்த வேகத்திலை போகுதுகள்?" என்று காசுமேசையில் இருந்த முதலாளி கேட்டார். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன்.

"என்ரை கோட்டைப் பார்த்தினம் அண்ணை. நல்ல கொம்பனி மார்க் போலை கிடக்கு" என்றேன்.

அன்றைக்குப் பின்னேரம் எபினேயில் இருக்கும் என் தம்பியின் மனைவிக்கும் போன் எடுத்துச் சொன்னேன். "இது ஸ்கின்வோக்கராம். இஞ்சத்தைப் பிள்ளையளுக்கு உடனை தெரியுது." அவளும், "விலை கூடினதாத்தான் இருக்கும் மச்சாள், கவனமா வைச்சிருங்கோ" என்றாள். இரண்டு பேரும் அதில் கொஞ்ச நேரம் சந்தோசப்பட்டோம்.

கோட் என் கைக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். கடை வேலை முடிந்த பின் சில நாட்களில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு வயதான பிரெஞ்சு மதாமைப் பார்த்துக்கொள்ளப் போவேன். குளிக்க வார்ப்பேன், சூப் காய்ச்சுவேன், காலுக்கு எண்ணெய் பூசிவிடுவேன். அவர் தெற்கே மகன் வீட்டோடு போய்ச் சேர முடிவெடுத்தபோது அலுமாரியைத் திறந்து அந்தக் கோட்டை எடுத்து நீட்டினார். முழங்காலுக்குக் கீழே வரும் சாம்பல் நிற உரோமக் கோட். அதன் கழுத்துப் பட்டி ஒரு முழு நரி. தலை, காது, முன்னங்கால் எல்லாம் அப்படியே இருந்தது. கண்ணுக்கு இரண்டு கண்ணாடி மணிகள். எனக்கு அதைத் தொடவே கூச்சமாக இருந்தது. வேண்டாம் என்றேன். மதாமின் முகம் வாடிவிட்டது. "எனக்கு அங்கே வெயில். உனக்குத்தான் இங்கே குளிர்" என்றார். வாங்கிக்கொண்டேன்.

நான் நகரத்துக்கு வெளியே, ஸ்தேனில் இருந்து வருகிறவள். விடியாத குளிரில் ரயிலுக்கு நடந்து, கார் து நோர் ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து கடைவரைக்கும் நடக்க வேண்டும். இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து ஒரு மாரியிலும் எனக்கு உடம்பு சூடானதில்லை. அந்தக் கோட்டைப் போட்ட முதல் நாள்தான் குளிர் என்னை விட்டுப் போனது. அதோடு இன்னொன்றும் நடந்தது. ரயிலில் சனம் எனக்கு வழிவிட்டது. ஒரு பொடியன் எழும்பி இடம் தந்து, "மதாம்" என்றான். எங்கே போனாலும் ஓரமாக நின்று பழகியவள் நான். கண்ணாடிக் கதவில் என்னைப் பார்த்தபோது, யாரோ பெரிய வீட்டுப் பெண் நரியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது போல இருந்தது. சிரிப்பும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

பிள்ளைகள் அப்படி மிரண்டதற்கு முந்தின சனிக்கிழமை கடையில் ஒன்று நடந்திருந்தது. அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

எனக்குச் சின்ன வயதில் இருந்தே ஆட்களைப் போலக் கதைக்க வரும். யார் குரலையும் இரண்டு தரம் கேட்டால் போதும். சனம் வர முன்னம் கடையில் நானும் அண்ணையும் மட்டும் இருக்கிற நேரத்தில் ஒவ்வொருவராக நடித்துக் காட்டுவேன். ரயில் தாமதம் என்று அறிவிக்கிற பெண், ஒவ்வொரு முருங்கைக்காயையும் முறுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர், புதுச்சேரியில் இருந்து வந்து அரைவாசி பிரெஞ்சிலும் அரைவாசி தமிழிலும் விலை கேட்கிற ஓய்வூதியக்காரர். அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

கார்ஜ் என்ற ஊரில் இருந்து வரும் ஒரு தாய் இருந்தார். மகளைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிவந்துவிட்டு எங்களிடம் சாமான் வாங்குவார். மெல்லிய குரல், ஒவ்வொரு வசனமும் கடைசியில் மேலே ஏறும். அந்தச் சனிக்கிழமை நான் அரிசிச் சாக்குகளுக்குப் பின்னால் நின்று அவரை நடித்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, அங்கை என்ன செய்யிறாய்? கெதியா வா, பிந்தப் போகுது!"

அண்ணையின் சிரிப்புச் சட்டென்று நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். சாக்குகளுக்கு அந்தப் பக்கம் அந்தப் பிள்ளையே நின்றாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். தாய்க்கு முன்னமே கடைக்குள் வந்திருக்கிறாள். தாயின் குரல் கேட்ட பக்கம் வந்து பார்த்தால், தாய் இல்லை. ஒரு நரித்தலையும் அதற்கு மேலே என் முகமும். அவளுடைய உதடு வெளுத்துப்போனது. "வா பிள்ளை, சும்மா பகிடிக்கு" என்று நான் என் குரலில் சொன்னதும் ஓடிவிட்டாள். தாயை நக்கலடித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். கொஞ்சம் சங்கடமாக இருந்தது. பிறகு வேலையில் மறந்துவிட்டேன்.

பிள்ளைகள் மிரண்டு திரும்பியதற்கு அடுத்த கிழமை அந்தத் தாய் தனியே வந்தார். சாமான் ஒன்றும் எடுக்கவில்லை. நான் வெங்காயம் கொட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றார்.

"அக்கா, ஒண்டு கேட்டா குறை நினைக்கக்கூடாது."

"கேளுங்கோ."

"நீங்கள் அந்தக் கோட்டை இஞ்சை போட்டுக்கொண்டு வராமல் விடேலுமோ?"

நான் விளங்காமல் பார்த்தேன். அவர் அழுகிற நிலைமையில் இருந்தார்.

"பிள்ளை நித்திரை கொள்ளுறாளில்லை அக்கா. தமிழ் வகுப்புக்கு வரமாட்டன் எண்டு நிக்கிறாள். நான் கூப்பிட்டாலும் உடனை வாறாளில்லை. 'நீங்கள்தான் அம்மாவோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்' எண்டு கேக்கிறாள். போனிலை ஏதோ வீடியோ பார்த்திருக்கினம் பிள்ளையள். அமெரிக்காவிலை நவஹோ எண்டு பழைய சனமாம். அவையின்ரை சூனியக்காரர் மிருகத்தின்ரை தோலைப் போட்டுக்கொண்டு அந்த மிருகமாவே மாறுவினமாம். நரியா, ஓநாயா. சொந்தக்காரரின்ரை குரலிலை கூப்பிடுவினமாம். அதுக்குப் பேர்தானாம் ஸ்கின்வோக்கர். உங்களைத்தான் அப்பிடி எண்டு சொல்லுறாள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோட்டின் மார்க் என்று போன் எடுத்துப் பெருமை பேசியது நினைவுக்கு வந்தது. "நானோ? ஸ்தேனிலை இருந்து ரயிலிலை வாற நானோ?" என்று சிரித்தேன். அவரும் பாதி சிரித்தார். பிறகு அதே மூச்சில் சொன்னார்:

"அந்தச் சக்தி சும்மா கிடையாதாம் அக்கா. சொந்த ஆக்களிலை ஒருத்தரைப் பலி குடுத்தால்தான் கிடைக்குமாம்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. "சரி, நான் போடேல்லை. நீங்கள் போங்கோ" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் வெங்காயச் சாக்கின் பக்கம் திரும்பிவிட்டேன்.

அவருக்கு ஒன்றும் தெரியாது. லாச்சப்பலில் என்னைத் தெரிந்த அனேகம் பேருக்குத் தெரியாது. எனக்குக் கலியாணம் நடந்தது ஊரில், சண்டைக் காலத்தில், இருபத்திரண்டு வயதில். அடுத்த மாரி வர முன்னம் என்னுடைய அவர் போய்விட்டார். சைக்கிளில் சீனி வாங்கப் போனவர். சந்தியில் ஷெல் விழுந்தது. செத்தவீட்டில் அவருடைய மாமி முறையான ஒரு மனிசி எல்லாருக்கும் முன்னால் என்னைக் காட்டி, "கட்டினவனைத் திண்டிட்டாள்" என்றார். ஷெல் அடித்தவனை அங்கே யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. நான் பாயில் குந்தியிருந்தபடி அதைக் கேட்டேன். பிறகு தம்பி என்னை இங்கே கூப்பிட்டு எடுத்தான். பாரிஸில் யாரும் அதை என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனால் கலியாண வீடுகளில் தாலியைத் தொட்டுக் கும்பிடத் தட்டுக் கொண்டுவரும்போது நானாகவே எழும்பிச் சமையல் நடக்கிற குசினிப் பக்கம் போய்விடுவேன். யாரும் சொல்லி நான் போக வேண்டி வரக்கூடாது என்று.

இப்போது கடலுக்கு அப்பால் இருந்து, நான் பெயர் கேட்டறியாத ஒரு சனத்திடம் இருந்து, அதே பழி வேறு பாஷையில் என்னைத் தேடி வந்திருக்கிறது என்று பட்டது. கோபம் யாரில் என்று தெரியவில்லை. பிள்ளையிலா, தாயிலா, நரியிலா?

கோட்டை வீட்டில் தொங்கவிட்டேன். பழைய மெல்லிய ஜக்கெட்டோடு வந்து நடுங்கினேன். தடிமனும் இருமலும் பிடித்தது. ஒரு நாள் நானும் போனில் அந்த வீடியோவைத் தேடிப் பார்த்தேன். யாரோ ஒருவன் காட்டுக்குள் டோர்ச் அடித்துக்கொண்டு இங்கிலிசில் குசுகுசுக்கிறான். எனக்கு அரைவாசியும் விளங்கவில்லை, ஆனால் அந்த வாத்தியச் சத்தத்துக்கே நெஞ்சு அடித்தது. பாதியில் நிற்பாட்டிவிட்டேன். அதற்குப் பிறகு லிஃப்டில் ஏறியபோது பக்கத்து வீட்டுக்காரரின் நாய் என் காலை முகர, நான் போட்ட கூச்சலில் அந்த நாய் பயந்து எசமானின் பின்னால் ஒளிந்தது. வீட்டுக்குள் வந்து கதிரையில் இருந்து சிரித்தேன். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கே இப்படி என்றால், அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? தாயின் குரலை நம்ப முடியாமல் ஒரு பிள்ளை வீட்டுக்குள் இருக்கிறதென்றால் அது சின்ன விசயம் இல்லை. என்னுடைய கோபம் அதற்குள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அண்ணையிடம் நம்பர் வாங்கித் தாய்க்குப் போன் எடுத்தேன். "புதன்கிழமை பின்னேரம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லைத்தானே? கூட்டிக்கொண்டு வாங்கோ. கடைக்கு வேண்டாம், தேத்தண்ணிக் கடைக்கு. சனம் இருக்கிற இடமா இருக்கட்டும்."

வந்தார்கள். பிள்ளை தாயின் அந்தப் பக்கம், கதவுக்குக் கிட்ட இருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பால் தேத்தண்ணியும் வடையும் வந்தன. கோட்டை ஒரு பெரிய பையில் போட்டு என் காலடியில் வைத்திருந்தேன். நானாகத்தான் தொடங்கினேன்.

"பிள்ளை, எனக்கு அந்தக் கதை தெரியாது. நீ சொல்லு. நான் ஆரெண்டு சொல்லுறாய் எண்டு எனக்கும் தெரியவேணுமெல்லோ?"

அவள் தாயிடம் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தாள். "தமிழிலை சொல்லு" என்றார் தாய். "விடுங்கோ, எனக்கு விளங்கும்" என்றேன். அதன் பிறகு பிரெஞ்சிலேயே கதைத்தாள். தொடங்கியதும் நிற்பாட்ட முடியவில்லை. பயந்து பயந்து அதைப் பற்றியே வாசித்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிற ஆசிரியையிடமும் கேட்டிருக்கிறாள். ஆசிரியை சொன்னாராம், அது நவஹோ மக்களுக்குப் பகிடிக் கதை இல்லை என்று. நோய், வருத்தம் மாற்றத் தெரிந்த ஒருவர் அந்த அறிவைக் கெடுதலுக்குத் திருப்பினால் அவர்தான் அப்படி ஆவாராம். அவர்கள் அதைப் பற்றி வெளியாட்களோடு பேச விரும்புவதில்லை, பெயரைக்கூடச் சொல்லமாட்டார்களாம். இந்த வீடியோக்களில் அனேகமானவற்றைப் போடுகிறவர்கள் வேறு ஆட்களாம், பார்க்க ஆள் வேண்டும் என்பதற்காக.

"நாங்களும் அப்பிடித்தானே" என்றேன். "அம்மை போட்டா நாங்கள் வருத்தத்தின்ரை பேர் சொல்லமாட்டம். அம்மாள் வந்திருக்கிறா எண்டுதான் சொல்லுறது. பயமும் மரியாதையும் ஒண்டாத்தான் இருக்கும்."

அவள் முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். பிறகு தமிழில் கேட்டாள். வேண்டுமென்றே தமிழில் கேட்டாள் என்று நினைக்கிறேன், நான் பிழையாக விளங்கிக்கொள்ளக்கூடாது என்று.

"அன்ரி, நீங்கள் ஆரையும் கொலை செய்தனீங்களா?"

"பிள்ளை!" என்று தாய் பதறிப்போனார்.

நான் கையைக் காட்டித் தாயை நிற்பாட்டினேன். இத்தனை வருசத்தில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. கேட்காமலே முடிவெடுத்தவர்கள்தான் அதிகம்.

"இல்லை" என்றேன். "ஆனா கொலை செய்தனான் எண்டு சொன்னவை." சைக்கிள், சீனி, சந்தி, ஷெல், அந்த மனிசி சொன்னது, நான் பாயில் இருந்தது, எல்லாவற்றையும் அவளுக்கு விளங்கும் சொற்களில் சொன்னேன். சொல்லும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. தாய்தான் அழுதுகொண்டிருந்தார்.

பிள்ளை புருவத்தைச் சுருக்கிக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"நீங்கள் அங்கை நிண்டனீங்களா? ஷெல் விழேக்கை?"

"இல்லை. வீட்டிலை உலை வைச்சுக்கொண்டிருந்தன்."

"நம்போர்த் குவா" என்றாள். அதாவது, அர்த்தமில்லாத விசர்க்கதை. ஏதோ பிழையான கணக்கைத் திருத்துகிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள்.  அந்த மனிசிக்கு அன்றைக்குச் செத்தவீட்டில் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லியிருக்கலாம். சொல்ல ஆள் வர முப்பது வருசம் எடுத்திருக்கிறது.

பிறகு அவள் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "அங்கையும் அப்படித்தானாம்" என்று மெதுவாகப் பிரெஞ்சில் சொன்னாள். பஞ்சமும் பயமும் வந்த காலங்களில் சூனியக்காரர் என்று பழி சுமத்தப்பட்டு உயிரை விட்டவர்களும் அந்த மக்களுக்குள் இருந்தார்களாம். அதையும் ஆசிரியை சொல்லியிருக்கிறார். "நான் உங்களுக்குச் செய்ததும் அதுதானே?"

"நீ ஓடினாய். அவ்வளவுதான். நரித்தலையோடை உன்ரை அம்மாவின்ரை குரலிலை கூப்பிட்டா நானும் ஓடுவன்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். கோட்டைக் காட்டச் சொன்னாள். பையைத் திறந்தேன். முதலில் ஒரு விரலால் நரியின் மூக்கைத் தொட்டாள். பிறகு கண்ணாடிக் கண்ணை. பிறகு தலையைத் தடவிக்கொடுத்து, "பாவம்" என்றாள். கழுத்துப் பட்டி கொளுவியில்தான் மாட்டியிருந்தது. இதைக் கழற்றிவிட்டுப் போடலாம் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். அங்கேயே கழற்றினோம். தலை இல்லாமல் அது வெறும் சாம்பல் நிறக் கோட் ஆனது.

"இப்ப அம்மா மாதிரிக் கதையுங்கோ" என்றாள்.

நான் தாயைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். "பிள்ளை, அங்கை என்ன செய்யிறாய்?" என்று தொடங்கினேன். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு கண்ணைத் திறந்து, "அம்மாவின்ரை குரல் இன்னும் கொஞ்சம் மேலை போகும்" என்று திருத்தினாள். "என்ரை குரல் இப்பிடியோ கிடக்கு?" என்று தாய் கேட்ட கேள்வியும் அதே மாதிரி மேலே ஏற, பக்கத்து மேசையில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் எல்லாரும் கடைக்கு வந்தார்கள். அவள் முன்னால் வந்து என் பக்கத்தில் நின்று அவர்களுக்கு என்னவோ நீளமாக விளக்கம் கொடுத்தாள். அண்ணைக்கு ரோல்ஸ் போதாமல் போய்விட்டது.

அந்த வசந்தத்தில் தாய் மறுபடி தனியே கடைக்கு வந்தார். மகள் பெரியபிள்ளை ஆகிவிட்டாள். சாமத்தியவீடு எபினேயில் ஒரு மண்டபத்தில் செய்யப்போகிறார்கள். அழைப்பு அட்டையைத் தந்துவிட்டு அங்கேயே நின்றார்.

"வாறன். மரக்கறி வெட்ட ஆள் வேணுமெண்டால் வெள்ளனவே வாறன்" என்றேன்.

"அதுக்கு ஆள் இருக்கு அக்கா. நீங்கள் ஆலாத்தி எடுக்கவேணும்."

கையில் இருந்த பயிற்றங்காய்க் கட்டைக் கீழே வைத்தேன். ஆலாத்தி எடுப்பது கண்ணூறு கழிக்கிற காரியம். புருசன் இருக்கிற பெண்களைத்தான் சோடியாகக் கூப்பிடுவார்கள். நான் அந்தத் தட்டைத் தொட்டதே கிடையாது.

"உங்களுக்குத் தெரியுந்தானே, நான்..."

"தெரியும். அவளுக்கும் தெரியும். அவள்தான் கேட்டவள். அந்த அன்ரி எடுக்காட்டி நான் மணவறையிலை இருக்கமாட்டன் எண்டு நிக்கிறாள்."

"உங்கடை ஆக்கள் ஏதும் சொல்லுவினம்."

"சொல்லுவினம்தான்" என்றார் தாய். "சொல்லட்டும்."

சொன்னார்கள். மண்டபத்தில் என் பெயரைக் கூப்பிட்டபோது முன்வரிசையில் இருந்த ஒரு வயதான உறவுக்காரி, "அவவோ? வேறை ஆக்கள் இல்லையோ?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார். என் கால் நின்றுவிட்டது. வழக்கம்போலக் குசினிப் பக்கம் திரும்பிவிடலாம் என்று இருந்தது. தாய் மேடையில் இருந்தபடியே, மைக் பக்கத்தில் இருப்பதையும் மறந்து, "இல்லை மாமி, இவதான்" என்றார். அந்தக் குரல் கடைசியில் மேலே ஏறி மண்டபம் முழுக்கக் கேட்டது. உறவுக்காரி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மேடையைப் பார்த்தார். 

எனக்குச் சோடியாக நின்றது என் தம்பியின் மனைவி. தட்டில் வாழைப்பழத் துண்டுகளில் குத்தியிருந்த திரிகள் எரிந்துகொண்டிருந்தன. என் பக்கம் தட்டுக் கொஞ்சம் சரிந்து சுடர்கள் ஆடின. "மச்சாள், என்னைப் பார்த்துச் சுத்துங்கோ, நான் பிடிச்சிருக்கிறன்" என்றாள் அவள். சுற்றினோம். பிள்ளை பட்டுச்சேலையிலும் நகையிலும் அசையாமல் நின்றாள். நெற்றியில் வியர்வை. தட்டு அவள் முகத்துக்கு நேரே வந்தபோது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கெதியா அன்ரி, சரியான சூடா இருக்கு" என்றாள்.

"பேசாமல் நில்லு. முறைப்படி செய்யவேணும்" என்றேன்.

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். வீடியோக்காரர் தட்டுப் பிடித்திருந்த எங்கள் இரண்டு பேரையும் தன் பக்கம் திரும்பச் சொன்னார். நான் திரும்பினேன்.